வீரியமா, கெட்டியா? கரிசல் காட்டுல ஒரு சொல்லோட கதை

இந்த எபிசோட்ல ராஜா கிடையாது, போர் கிடையாது. ஒரே ஒரு சொல்லோட வரலாறுதான். அந்தச் சொல், வீரியம்.

இதை நீங்க எங்கெல்லாம் பார்த்திருப்பீங்கன்னு யோசிச்சுப் பாருங்க. கொரோனா இரண்டாவது அலை ஓடின 2021-ல, வீரியம் மிக்க உருமாறிய வைரஸ்னு செய்தியில தினமும் வந்துச்சு. ஒரு போராட்டம் சூடு பிடிச்சா, வீரியம் அடைஞ்சிருக்குன்னு எழுதுறாங்க. பூச்சிமருந்துக்கு வீரியம் உண்டு. ஹோமியோபதி மாத்திரைக்கும் உண்டு. பஸ் ஸ்டாண்ட் சுவர்ல ஒட்டியிருக்கற லாட்ஜ் வைத்தியர் போஸ்டர்ல வர்ற வீரியத்தைப் பத்தி நான் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் விதைக்கடை. அங்க பேரு, வீரிய ஒட்டு ரகம்.

வைரஸுக்கு வீரியம் கூடினா நமக்குக் கெட்டது. விதைக்கு வீரியம் கூடினா நல்லதுன்னு நம்புறோம். சொல் ஒண்ணுதான். 'பலமா வேலை செய்யும்'ங்கற அர்த்தத்துல இருந்து 'தரமானது'ங்கற அர்த்தத்துக்கு அது எப்படி நகர்ந்துச்சு? நகர்ந்ததுல யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? இதைப் பேசச் சரியான இடம், விருதுநகர் மாவட்டத்துல அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் இருக்கற வறண்ட காடு. ஏன்னா அங்க ஒரு குடும்பம், பாக்கெட் மேல அச்சடிச்சிருக்கற ஒரு சொல்லை நம்பி ஒரு வருஷத்து வருமானத்தையே மண்ணுல போடுது.

பலமும் நல்லதும் ஒட்டிக்கிட்ட கதை

வீரியம், சமஸ்கிருதத்துல 'வீர்ய'. அதுக்கு அடிச்சொல் 'வீர', அதாவது வீரன், ஆண்மகன். லத்தீன்ல ஆண்மகனைக் குறிக்கற 'விர்' இதுக்குப் பங்காளி முறை. ஆங்கிலத்துல நற்பண்புக்குச் சொல்ற 'வெர்ச்சூ', ஆண்மைக்குச் சொல்ற 'விரைல்' ரெண்டுமே அந்த 'விர்' வீட்டுப் பிள்ளைங்கதான். ஆக, பலமா இருக்கறதையும் நல்லதா இருக்கறதையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கறது நம்ம ஊர்ல மட்டும் நடந்த விஷயம் இல்லை.

ஆனா இந்தச் சொல்லை ரொம்ப நிதானமாப் பயன்படுத்தினவங்களும் இருக்காங்க. சித்த மருத்துவத்துல ஒரு மூலிகையை எடுத்துக்கிட்டா அஞ்சு விஷயம் சொல்லணும்: சுவை, குணம், வீரியம், பிரிவு, மகிமை. இதுல வீரியம்ங்கறது அந்தப் பொருள் உடம்புக்குள்ள போய் என்ன செய்யுதுங்கறது. சூடு பண்ணுதா, குளிர்ச்சி பண்ணுதா? மிளகுக்கு வெப்ப வீரியம், சந்தனத்துக்குத் தட்ப வீரியம். கவனிங்க, இங்க வீரியம் ஒரு பாராட்டே கிடையாது. மிளகு சந்தனத்தைவிட உசத்தின்னு இதுக்கு அர்த்தம் இல்லை. எந்தத் திசையில வேலை செய்யும்னு மட்டும்தான் அது சொல்லுது. யாருக்கு, எந்த நோய்க்குங்கறது தனிக் கேள்வி.

ஹோமியோபதிக்காரங்க இதை வேற மாதிரி திருப்புனாங்க. அவங்க கணக்குல 30-ஆவது வீரியம்னா, மருந்தை நூத்துல ஒரு பங்காக் கரைச்சு, அதையே திரும்ப நூத்துல ஒரு பங்காக் கரைச்சு, இப்படி 30 தடவை செய்யறது. பொருள் குறையக் குறைய வீரியம் கூடுது. அந்த மருத்துவம் வேலை செய்யுதாங்கறது இன்னைக்கு நம்ம சப்ஜெக்ட் இல்லை. ஒரே சொல்லு எவ்வளவு தூரம் வளையுதுன்னு காட்டத்தான் சொன்னேன்.

நம்ம ஊர்ப் பழமொழி ஒண்ணு இருக்கு, உங்க வீட்டுலயும் சொல்லியிருப்பாங்க: காரியம் பெரிசா, வீரியம் பெரிசா? கோபத்துல எகிறிக்கிட்டுப் போறவனைப் பிடிச்சு நிறுத்திச் சொல்றது. இங்க வீரியம்னா வீறாப்பு. வேலை முடியணுமா, உன் வீறாப்பு ஜெயிக்கணுமான்னு கேக்குது. பழமொழி எந்தப் பக்கம் நிக்குதுன்னு தெளிவாத் தெரியுது. இந்தக் கேள்வியைக் கையில வச்சுக்கங்க. பருத்திக்காட்டுல நமக்குத் தேவைப்படும்.

கடைவீதியோட சொற்கள்

இப்ப அந்த மண்ணுக்குப் போவோம். அருப்புக்கோட்டை, திருச்சுழி ரெண்டும் 1985 வரைக்கும் ராமநாதபுரம் மாவட்டத்துல இருந்துச்சு. ரமண மகரிஷி 1879-ல பிறந்த ஊர் திருச்சுழி. பக்கத்துல ஓடறது குண்டாறு. ஓடறதுன்னு சொல்றது ஒரு மரியாதைக்கு, வருஷத்துல பெரும்பாலான நாள் அது மணல்தான். ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். கேக்க நிறைய மாதிரி இருக்கும். ஆனா பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டின வடகிழக்குப் பருவமழையில மொத்தமா வந்துட்டுப் போயிடும். அது தப்பினா வருஷமே தப்பின மாதிரி. கண்மாய் இருக்கற இடத்துல நெல், கிணறு இருக்கற இடத்துல மல்லிகை, மிளகாய். மத்தபடி மானாவாரி. பருத்தி, கம்பு, சோளம், பயறு.

இந்த ஊர்க் கடைவீதியில 'நல்லது'ன்னு சொல்ல ஒரே ஒரு சொல் போதாது. பலசரக்குக் கடை அண்ணாச்சிக்கு அது நயம். நயம் பருப்பு, நயம் நல்லெண்ணெய். பழைய அகராதிகள்ல நயத்துக்கு 'மலிவு'ங்கற பொருளும் உண்டு. வாங்கறவனுக்குச் சரக்கும் நல்லா இருக்கணும், காசும் கம்மியா இருக்கணும், ரெண்டும் ஒரே சொல்லுக்குள்ள. நகை ஆசாரிகிட்ட அது மாற்று. தங்கத்தை உரைகல்லுல உரசிப் பார்த்துச் சொல்ற தரம். அரிசியில, நூல்ல அது சன்னம். எதிர்ப்பதம் மோட்டா.

மிளகாய் வத்தலுக்குக் காரம். ஆனா வத்தல் யாவாரிக்குக் காரம் மட்டும் போதாது. நிறம், காம்பு, தோலோட கனம், காய்ச்சல் பதம் எல்லாம் பார்ப்பாரு. ராமநாதபுரம் முண்டு வத்தலுக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. குண்டா, தோல் தடிப்பா இருக்கற வத்தல். அதைவிட நாக்கை எரிக்கற மிளகாய் உலகத்துல எத்தனையோ இருக்கு. அப்ப காரமா இருக்கறதும் உசத்தியா இருக்கறதும் வேற வேற. வத்தல் கமிஷன் மண்டியில இருக்கறவங்களுக்கு இது யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதே இல்லை.

அருப்புக்கோட்டை தறி ஊர். அதனால துணிக்கடைச் சொல்லையும் பார்த்தாகணும்: கெட்டிச் சாயம். எத்தனை துவைச்சாலும் போகாத சாயம். பளபளன்னு அடிக்கற சாயத்துக்கு இந்தப் பேர் கிடையாது, கடைசி வரை நிக்கற சாயத்துக்குத்தான். கெட்டின்னா திண்மை, உறுதி. கெட்டி நகை, கெட்டித் தயிர். ஆள் விவரமா இருந்தா கெட்டிக்காரன். இதே குடும்பத்துல பயிருக்குச் சொல்ற சொல், தாங்கும். இந்த ரகம் வறட்சி தாங்கும். அந்த மாடு வெயில் தாங்கும். சொல்லப்போனா 'உரம்'ங்கற நம்ம பழைய சொல்லுக்கே அர்த்தம் உறுதி, வலிமை. நெஞ்சுரம்னு இன்னும் சொல்றோம். இன்னைக்கு அதே சொல் மூட்டையில வருது.

கோவில்பட்டி பக்கம் இடைசெவல்காரரான கி. ராஜநாராயணன், 1980-கள்ல இந்தக் கரிசல் பேச்சுச் சொற்களைத் தொகுத்து அகராதியே போட்டார். ஒரு வட்டாரத்துச் சொற்கள்ல அந்த வட்டாரத்துக் கவலை தெரியும். இந்த வட்டாரத்தோட கவலை, 'நிக்குமா?'ங்கறது.

என் வாசிப்புல, நல்லதுங்கறதுக்கு இங்க ரெண்டு அளவுகோல் இருக்கு. எவ்வளவு வேகமா அடிக்குதுங்கறது ஒண்ணு, அது வீரியம், காரம், காட்டம். எவ்வளவு நாள் நிக்குதுங்கறது இன்னொண்ணு, அது கெட்டி, தாங்கும். வறண்ட ஊர் ரெண்டாவதைத்தான் சாய்மானமா வச்சிருந்துச்சு.

வீரியம் மட்டுமே போதும்னா, இந்தக் காட்டுல முதல் பரிசு சீமைக்கருவேலத்துக்குத்தான் கொடுக்கணும். அமெரிக்கக் கண்டத்து மரம், 19-ஆம் நூற்றாண்டோட கடைசியில இந்தியாவுக்குள்ள வந்துச்சு. மழை இல்லைன்னாலும் வளரும், வெட்ட வெட்டத் துளிர்க்கும், ஆடு மாடு காயைத் தின்னுட்டுப் போற வழியெல்லாம் முளைக்கும். மூட்டம் போட்டுக் கரி ஆக்கிப் பிழைக்கற குடும்பங்களும் உண்டு, அதையும் மறுக்க முடியாது. ஆனா கண்மாய்க்குள்ளயும் தரிசுக் காட்டுலயும் அது பரவின விதத்தைப் பார்த்துட்டு, 2017-ல மதுரை உயர் நீதிமன்றக் கிளையே அகற்றச் சொல்லி உத்தரவு போட வேண்டியிருந்துச்சு. வீரியத்துக்கும் நன்மைக்கும் நடுவுல இருக்கற தூரம் அவ்வளவு.

கருங்கண்ணியும் கம்போடியாவும்

இனி பருத்தி. இந்தக் கரிசல் மண்ணோட பழைய பருத்திகள் ரெண்டு: கருங்கண்ணி, உப்பம். ரெண்டும் பழைய உலகத்துப் பருத்தி இனங்கள், 26 குரோமோசோம். இழை ரொம்ப நீளம் இல்லை. ஆனா வேர் ஆழமாப் போகும், மழை இழுத்தடிச்சாலும் காத்திருக்கும். இந்தப் பஞ்சு மூட்டை தூத்துக்குடித் துறைமுகம் வழியாக் கப்பல் ஏறினப்ப, வெளிநாட்டுச் சந்தையில அதுக்குப் பேர் 'டின்னவெல்லி'. திருநெல்வேலியோட வெள்ளைக்காரன் உச்சரிப்பு.

லங்காஷயர் மில்லுக்கு வேணும்கறது நீள இழை. அதனால கிழக்கிந்தியக் கம்பெனி அமெரிக்கப் பருத்தியை இங்க வளர்த்துப் பார்த்துச்சு. தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1842-ல இருந்து 1853 வரை கோயம்புத்தூர்ல அந்தச் சோதனைக்குப் பொறுப்பா இருந்தார். அமெரிக்காவுல இருந்து பருத்தித் தோட்டக்காரர்களையே கம்பெனி வரவழைச்சுச்சு. நாட்டுப் பருத்தியை ஓரங்கட்ட அதால முடியலை. 1861-ல அமெரிக்க உள்நாட்டுப் போர் வெடிச்சு அந்தப் பஞ்சு நின்னு போனப்ப, மட்டம்னு சொன்ன அதே இந்தியப் பஞ்சுக்கு விலை எகிறிச்சு. 1865-ல போர் முடிஞ்சதும் விலை இறங்கிடுச்சு. பஞ்சு மாறலை. தேவைதான் மாறுச்சு.

1901-ல கோவில்பட்டியில வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்குனாங்க. நாட்டின் பழைய ஆராய்ச்சி நிலையங்கள்ல ஒண்ணு. அங்க செஞ்ச வேலை நம்ம கதைக்கு முக்கியம். கருங்கண்ணியைத் தூக்கிப் போடாம, அதுக்குள்ளேயே நல்ல செடிகளைத் தேர்ந்தெடுத்து மேம்படுத்துனாங்க. 'கே'ன்னு ஆரம்பிக்கற பருத்தி ரகங்கள் கோவில்பட்டியில பிறந்தது. அந்த வரிசை ஒரு நூற்றாண்டு தாண்டியும் நிக்குது.

20-ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல இன்னொரு விருந்தாளி வந்துச்சு, கம்போடியா. பேரு அந்த நாடு, ஆனா இனம் அமெரிக்கப் பருத்தி, 52 குரோமோசோம். இழை நீளம், மில்காரங்களுக்குப் பிடிச்சுப்போச்சு. அது எங்க பரவுச்சுன்னு பாருங்க: கிணத்துப் பாசனம் இருந்த செவக்காட்டுல. மானாவாரிக் கரிசல், கருங்கண்ணிகிட்டயே இருந்துச்சு. யாரும் சட்டம் போட்டுப் பிரிக்கலை. தண்ணி இருக்கற இடத்துல ஒண்ணு, இல்லாத இடத்துல இன்னொண்ணுன்னு சம்சாரிங்களே பிரிச்சுக்கிட்டாங்க. ரெண்டுல எது நல்ல பருத்தின்னு கேட்டா, எந்தக் காட்டுலன்னு திருப்பிக் கேட்டிருப்பாங்க.

ஒரு சின்ன இடைச்செருகல். எம்.சி.யு.ன்னா நமக்கெல்லாம் மார்வெல் படங்கள். தமிழ்நாட்டுப் பருத்திக்காரங்களுக்கு எம்.சி.யு.ன்னா மெட்ராஸ் கம்போடியா உகாண்டா. அந்தக் கம்போடியாவோட உகாண்டாப் பருத்தியைச் சேர்த்து வந்த ரகங்களோட வரிசை. அதுல எம்.சி.யு. 5, 1968-ல வந்துச்சு, ரொம்பப் பேர் வாங்கின ரகம்.

பேருக்குள்ள புகுந்த பாராட்டு

இப்ப வீரிய ஒட்டு. அமெரிக்காவுல ஜார்ஜ் ஷல்ங்கற தாவரவியலாளர் 1908 வாக்குல மக்காச்சோளத்துல ஒண்ணு கவனிச்சார். ஒரே வம்சத்துக்குள்ளயே திரும்பத் திரும்பச் சேர்த்தா செடி சோந்து போகுது. அப்படிச் சோந்து போன ரெண்டு வேற வம்சத்தைச் சேர்த்தா, பிறக்கற பிள்ளை ரெண்டு பெற்றோரையும் தாண்டி எகிறுது. இந்த எகிறலுக்கு 1914-ல 'ஹெட்டரோசிஸ்'னு பேர் வச்சார். நடைமுறைப் பேர், ஹைப்ரிட் வீரியம்.

இதுல ஒரு நிபந்தனை இருக்கு. எகிறல் முதல் தலைமுறைக்கு மட்டும்தான். அந்தச் செடியோட விதையை எடுத்து அடுத்த வருஷம் போட்டா முளைக்கும். மலட்டு விதைன்னு சிலர் சொல்றது சரியில்லை. ஆனா முளைச்சு வர்றது கலவையா இருக்கும். ஒண்ணு உசரம், ஒண்ணு குட்டை, ஒண்ணு முன்னாடி காய்க்கும், ஒண்ணு பின்னாடி. அதனால ஒவ்வொரு வருஷமும் புது விதை வாங்கணும்.

இந்தியாவுல இது வறண்ட நிலத்துப் பயிர்கள்ல சீக்கிரமே வந்துச்சு. சோளத்துல 1964-ல சி.எஸ்.எச். 1. கம்புல 1965-ல எச்.பி. 1, லூதியானாவுல டி.எஸ். அத்வால் உருவாக்கினது. அதோட தாய் வரிசை அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன்ல இருந்து வந்தது. விளைச்சல் நிஜமாவே பாய்ஞ்சுது. பஞ்சம் வந்துடுமோன்னு நாடு பயந்துக்கிட்டிருந்த காலம் அது, அந்த விளைச்சலைச் சாதாரணமா எடுத்துக்க முடியாது. ஆனா அந்தக் கம்பு ஹைப்ரிட்கள் எல்லாம் ஒரே தாய் வரிசையைச் சார்ந்து இருந்துச்சு. 1970-களோட தொடக்கத்துல அடிச்சாம்பல் நோய் வந்தப்ப, பெரிய பரப்புல கம்பு அடிவாங்குச்சு. வீரியம் இருந்துச்சு, கெட்டி இல்லை.

பருத்தியில 1970-ல குஜராத் சூரத்துல சி.டி. படேல் எச்-4 ரகத்தைக் கொண்டுவந்தார். வணிக அளவுல பயிரான உலகத்தோட முதல் பருத்தி ஹைப்ரிட் அது. 1972-ல கர்நாடகா தார்வாட்ல கட்டர்கி உருவாக்கின வரலட்சுமி வந்துச்சு, ரெண்டு வேற பருத்தி இனங்களைச் சேர்த்தது.

இதை எப்படிச் செய்யறாங்கன்னு தெரிஞ்சா சொல்லோட விசித்திரம் இன்னும் புரியும். பருத்திப் பூவுல ஆண் பாகமும் பெண் பாகமும் ஒரே பூவுக்குள்ள இருக்கும். அதனால மறுநாள் விரியப்போற மொட்டை முதல் நாள் சாயங்காலமே பிரிச்சு, மகரந்தப் பையை எல்லாம் கையால நீக்கணும். மறுநாள் காலையில வேற செடியோட மகரந்தத்தைத் தடவணும். ஒவ்வொரு பூவா. இந்த முதல் படிக்கு வேளாண் புத்தகங்கள்ல இருக்கற பேரு, ஆண்மை நீக்கம். ஆண்மகன்ங்கற வேர்ல இருந்து வந்த சொல்லை விதைக்குப் பேரா வச்சிருக்கோம், அந்த விதை பிறக்கறதோ ஆண்மை நீக்கத்துல. அதைக் கையால செஞ்சவங்க பெரும்பாலும் பெண்கள். பல மாநிலங்கள்ல பள்ளிக்கூடம் போக வேண்டிய சிறுமிகளையும் இந்த வேலைக்கு வச்சாங்கன்னு ஆய்வுகள் நிறைய வந்திருக்கு.

இப்ப பேருக்கு வருவோம். ஹைப்ரிட்ங்கற சொல்லுல பாராட்டு எதுவும் கிடையாது. லத்தீன்ல அதோட பழைய அர்த்தம், வீட்டுப் பன்றிக்கும் காட்டுப் பன்றிக்கும் பிறந்த குட்டி. கலப்புன்னு மட்டும்தான் சொல்லுது. தமிழ்ல 'கலப்பினம்'னு நேரா ஒரு சொல் இருக்கு, அதுலயும் பாராட்டு இல்லை. ஆனா காட்டுக்கும் கடைக்கும் போய்ச் சேர்ந்தது 'வீரிய ஒட்டு'. ஒட்டு மாங்கன்னு நமக்கு ஏற்கெனவே பழக்கம். ஆனா ஒட்டு மாமரத்தை ஒரு தடவை வச்சா தலைமுறைக்கும் காய்க்கும். இந்த ஒட்டு ஒரு போகத்துக்குத்தான். 'ஒட்டு' அதை மறைச்சுது, 'வீரிய' அதுக்கு மேல பட்டுத் துணி போத்துச்சு. ஒருத்தர் உக்காந்து திட்டம் போட்டுச் செஞ்ச ஏமாத்து வேலைன்னு நான் சொல்லலை. அறிவியல் சொன்ன வீரியம் நிஜம். ஆனா அறிவியல்ல அது ஒரு தலைமுறைக்கான அளவு. பேச்சுல அது தரத்துக்கான சான்றிதழ் ஆயிடுச்சு.

எதை நம்பி?

சாஃப்ட்வேர் வேலையில இருக்கறவங்களுக்கு இது நல்லாப் புரியும். ஒரு ப்ரோக்ராம் சூப்பர் வேகம்னு சொல்லுவாங்க. எந்த மெஷின்ல, எவ்வளவு மெமரி இருந்தான்னு கீழ எழுதியிருக்கும், அதைப் படிக்காம இன்ஸ்டால் பண்ணினா வேலை செய்யாது. விதைக்கும் அப்படி ஒரு தேவைப் பட்டியல் இருக்கு. நேரத்துக்குத் தண்ணி, உரம், மருந்து. இதெல்லாம் இருந்தா வீரிய ஒட்டு கொட்டிக் கொடுக்கும், பாசனக் காட்டுல கொடுத்தும் இருக்கு. மானாவாரியில அந்தப் பட்டியலோட முதல் வரியே இல்லை.

கரிசல்ல மழைக்கு முன்னாடியே புழுதியில விதைக்கற வழக்கம் உண்டு. மழை வரும்னு ஒரு கணக்கு. முதல் மழை விழுந்து, விதை முளைச்சு, அடுத்த மழை மூணு வாரம் வரலைன்னா முளைச்சது கருகிடும். திரும்ப விதைக்கணும். வீட்டுப் பானையில இருக்கற கருங்கண்ணி விதைன்னா போனது உழைப்பும் உழவுக் கூலியும். கடையில வாங்கின பாக்கெட்டுன்னா, அந்தப் பாக்கெட்டுக் காசும் சேர்ந்து போச்சு, இன்னொரு பாக்கெட்டுக்குக் கடன் வேற. காரியம் பெரிசா, வீரியம் பெரிசாங்கற கேள்வி இங்கதான் வந்து நிக்குது.

2002 மார்ச்ல மத்திய அரசு பி.டி. பருத்திக்கு அனுமதி கொடுத்துச்சு. காய்ப்புழுவைக் கொல்ற புரதத்தைச் செடியே தயாரிக்கற மாதிரி மரபணு மாத்தின பருத்தி. அமெரிக்காவுலயும் ஆஸ்திரேலியாவுலயும் அது விதை எடுத்து வைக்கக்கூடிய சாதாரண ரகங்களா வந்துச்சு. அங்கயும் ஒப்பந்தக் கட்டுப்பாடு உண்டு, ஆனா செடி தன் குணத்தை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும். இந்தியாவுல அது பெரும்பாலும் ஹைப்ரிட்டாத்தான் வந்துச்சு. 450 கிராம் பாக்கெட், வருஷா வருஷம். பத்தே வருஷத்துல நாட்டோட பருத்திப் பரப்புல 90 சதவீதத்துக்கு மேல அதுவே ஆயிடுச்சு. தொடக்கத்துல காய்ப்புழு மருந்துச் செலவு குறைஞ்சது உண்மை. 2010 வாக்குல, முதல் வகை பி.டி.யை இளஞ்சிவப்புக் காய்ப்புழு தாங்கப் பழகிடுச்சுன்னு குஜராத்ல உறுதியாச்சு. கவனிங்க, இப்ப 'தாங்கும்'ங்கற பட்டம் புழுவுக்குப் போயிடுச்சு. பாக்கெட் விலைக்கு 2015-ல மத்திய அரசே உச்சவரம்பு வைக்க வேண்டியதாச்சு.

இந்த ஓட்டத்துல நாட்டுப் பருத்தி என்னாச்சு? 1947-ல இந்தியப் பருத்திப் பரப்புல சுமார் 97 சதவீதம் கருங்கண்ணி, உப்பம் மாதிரியான பழைய இனங்கள். இன்னைக்கு அது மிகச் சிறிய பங்கு. முழுப் பழியையும் ஒரு அடைமொழி மேல போட முடியாது. மில் மெஷின் நீள இழை கேட்டுச்சு, விலையும் அதுக்குத்தான் கிடைச்சுது, கூலி ஆள் கிடைக்கலை, கரிசல்லயே பலர் மக்காச்சோளத்துக்கு மாறினாங்க. ஆனா ஒருத்தர் விதைக்கடையில நின்னு 'அண்ணாச்சி, நல்ல விதையாக் கொடுங்க'ன்னு கேட்டப்ப, பதில் எந்தச் சொல்லுல வந்துச்சுங்கறதும் இந்தக் கதையில ஒரு பாத்திரம்தான்.

அட்டையில இருக்கற நேர்மை

நியாயமான சொற்களும் நம்ம விதை உலகத்துல உண்டு. 1966-ல வந்த விதைச் சட்டத்துக்கு அப்புறம் விதை மூட்டையில ஒரு அட்டை கட்டறாங்க. மஞ்சள் அட்டைன்னா வல்லுநர் விதை, ரகத்தை உருவாக்கினவங்க கையில இருந்து வர்றது. வெள்ளை அட்டைன்னா ஆதார விதை, அதுல இருந்து பெருக்கினது. நீல அட்டைன்னா சான்று விதை, நம்ம காட்டுக்கு வர்றது. பச்சை அட்டைக்குப் பேரு உண்மை நிலை விதை. விற்கறவரே முளைப்பு இவ்வளவு, தூய்மை இவ்வளவுன்னு எழுதிப் பொறுப்பேத்துக்கறது.

இந்தப் பேர்கள்ல எதுலயாவது பாராட்டு இருக்கா? இல்லை. எங்க இருந்து வந்துச்சு, யார் பொறுப்புன்னு மட்டும் சொல்லுது. அந்தச் சின்ன எழுத்துல முளைப்புத்திறன் சதவீதம், காலாவதித் தேதி எல்லாம் இருக்கும். பாக்கெட்டோட முன்பக்கத்துல இருக்கற பெரிய எழுத்தைவிட, விவசாயிக்கு அதுதான் உதவும்.

கோவில்பட்டியில அந்த 1901 நிலையம் இன்னும் மானாவாரிப் பயிர்கள்ல வேலை செய்யுது. அருப்புக்கோட்டை கோவிலாங்குளத்துல வேளாண் பல்கலைக்கழகத்தோட மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கு. இவங்க ஒரு ரகத்தை அறிமுகப்படுத்தறப்ப எழுதற வரிகளைப் படிச்சுப் பாருங்க. மானாவாரிக்கு ஏற்றது, வறட்சி தாங்கும், இத்தனை நாள் பயிர், இந்தப் பூச்சியை ஓரளவு தாங்கும். 'ஓரளவு'ங்கற அந்தச் சொல்லை நான் மதிக்கறேன். எந்த விளம்பரத்துலயும் அது வராது.

நம்ம பேச்சுலயும் இப்ப இதே கதைதான். செம, மாஸ், வேற லெவல், தரமான. ஒவ்வொண்ணும் வந்த புதுசுல கனமா இருந்துச்சு, அடுத்த தலைமுறை மீம்ல கலைஞ்சு போச்சு. ஹைப்ரிட் விதை மாதிரி, முதல் போகத்துக்கு மட்டும் எகிறல். நம்ம பேச்சுல போனா ஒரு சிரிப்புதான் போகும். திருச்சுழிப் பக்கம் ஒரு சொல் பொய்ச்சுப் போனா ஒரு குடும்பம் வட்டிக்கு நிக்கும். அதனால எந்தப் பொருளுக்கு முன்னாடி ஒரு பெரிய அடைமொழி நின்னாலும், கரிசல்காரங்க வத்தலையும் சாயத்தையும் பார்க்கற மாதிரி மூணு கேள்வி கேளுங்க. எதுக்கு நல்லது? எத்தனை நாளைக்கு? எதை நம்பி?

உங்க ஊர்ல உசத்தியான சரக்குக்கு என்ன சொல்லுவாங்க? தாத்தா, பாட்டிகிட்ட கேட்டு, எந்தப் பொருளுக்கு எந்தச் சொல்லுன்னும் சேர்த்து அனுப்புங்க. நல்லெண்ணெய்க்குச் சொல்ற சொல்லை உளுந்துக்குச் சொல்லுவாங்களாங்கறது வரைக்கும் எழுதுங்க. அதுலதான் விஷயமே இருக்கு. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.